மூன்று மிளகும் ஒரு குளிசையும்

இடது உள்ளங்கையில் மூன்று மிளகு. வலது கையில் சீனி வருத்தத்துக்கு டொக்டர் தந்த குளிசை. என் கணவர் குசினி மேசைக்கு முன்னால் நின்றார். கந்தசஷ்டியின் மூன்றாம் நாள் காலை. வெளியே இன்னும் இருட்டு. ஐப்பசியில் பிராங்பேர்ட்டில் ஆறு மணிக்கு விடியலைத் தேடக் கூடாது.

மிளகை வாயில் போட்டு மென்றார். ஒரு மிடறு தண்ணீர். பிறகு குளிசை, இன்னொரு மிடறு. "முருகா" என்றார். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எஸ்-பான் ரயிலுக்கு நடந்துவிட்டார்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறினபிறகு எழுதலாம் என்று சில வருடங்களாகத் தள்ளிப் போட்டேன். ஆறுகிற வழியைக் காணோம். அதனால் இந்தக் கிழமைப் பத்தியில் அப்படியே சூட்டோடு தருகிறேன்.

தொடரை இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வரி. இவருக்கு அப்போது அறுபதை நெருங்குகிற வயது. விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. நான் ஒரு பாண் கடையில், அதாவது பேக்கரியில், வேலைக்கு நிற்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், அபி. கலியாணம் முடித்துக் கொலோனில் இருக்கிறாள்.

முதல் நாள் தலையிடி

கந்தசஷ்டி ஆறு நாள். சிலர் பகல் முழுக்க இருந்து இரவில் பாலும் பழமும் எடுப்பார்கள். சிலர் ஒரு நேரம் சோறு சாப்பிடுவார்கள். இவர் குடும்பத்தில் மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படி ஆறாம் நாள் ஆறு. அதோடு தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் காலையில் பாறணை, அதாவது விரதம் முடிக்கிற சாப்பாடு.

நானும் இளவயதில் இருந்திருக்கிறேன். அதனால் உடம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் உடம்பு நம்பாது. ஏதோ மறந்துபோனாய், இப்போது தருவாய் என்று காத்திருக்கும். சாப்பிடுகிற நேரம் வந்ததும் வயிறு கத்தும். அரை மணித்தியாலம் பொறுத்தால் அடங்கும். அடுத்த சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பவும் கத்தும். பின்னேரம் ஒரு தலையிடி வரும் பாருங்கள், நெற்றிப்பொட்டில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி.

எங்கள் விரதகாரப் பெண்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஒரு அக்கா குரல்பதிவு போட்டிருந்தா: "தலையிடி வந்தால் பயப்பிடாதேங்கோ பிள்ளையள். அது பாவம் கழியிறது." கீழே நாற்பது கும்பிடுகிற கை.

பாவமும் இல்லை, கோவமும் இல்லை. அது தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை சாயத் தேத்தண்ணி குடிக்கிற மண்டைக்கு ஒன்றுமே கிடைக்காவிட்டால் வலிக்காமல் என்ன செய்யும்? இவருக்கு முதல் நாள் தலையிடி வந்தபோது நானே அந்தக் குரல்பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் சந்தோசமாகத் தலையாட்டினார்.

இரண்டாம் நாள்தான் பொல்லாத நாள். கல்லீரலில் சேர்த்து வைத்த சீனி முடிந்துவிடும். உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கத் தொடங்கும். அந்த மாற்றத்துக்குள் மனிதர் படுகிற பாடு இருக்கிறதே, வாயில் ஒரு விதமான புளித்த வாசம், நாக்கில் வெள்ளைப் படை, அடிக்கடி சலம் கழிக்க ஓட்டம். குந்தியிருந்து எழும்பினால் கண் இருட்டும். கை கால் குளிரும். இவர் வீட்டுக்குள் தொப்பி போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு கரண்டி கீழே விழுந்ததற்கு என்னை ஏசினார். வருடத்துக்கு ஒரு தரம் கூட ஏசாத மனுசன்.

மூன்றாம் நாள் பசி விட்டுவிடும். தலை லேசாகி, காதில் எல்லாம் தெளிவாகக் கேட்கும். சாமி வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்தச் சுகத்துக்காகத்தான் மூன்றாம் நாள் வரை பல்லைக் கடிப்பது. சுகமான உடம்புக்கு இது சரி. சீனிக் குளிசை போடுகிற உடம்புக்கு மூன்றாம் நாள் என்னவாகும் என்று அந்தக் குழுவில் ஒருத்தரும் குரல்பதிவு போடவில்லை.

என்னோடு கடையில் வேலை செய்கிற ஹைக்கேயும் வருடா வருடம் பட்டினி கிடப்பாள். கடவுளுக்கு இல்லை, உடம்புக்கு. ஹைல்பாஸ்டன் என்று அதற்குப் பெயர். முதலில் டொக்டரிடம் போய் இரத்தம் கொடுத்துச் சோதிப்பாள். ஒரு கிழமை லீவு எடுப்பாள். மரக்கறி அவித்த தண்ணியைக் குடித்துவிட்டுப் பகலில் படுத்திருப்பாள். "இதுவும் ஒரு விரதமோ" என்று நான் வீட்டில் வந்து நக்கலடித்திருக்கிறேன். அந்த நக்கலை இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போல இருக்கிறது. அவள் டொக்டரைக் கேட்டுப் பட்டினி கிடந்தாள். நாங்கள் வட்ஸ்அப்பைக் கேட்டுக் கிடந்தோம்.

"உங்கள் கோரிக்கை என்ன?"

இவருக்கு ஏன் இந்த விரதத்தில் இவ்வளவு நம்பிக்கை என்று சொல்ல வேண்டும். அதற்கு அகதி முகாமுக்குப் போக வேண்டும்.

நாங்கள் கலியாணம் முடித்து நாலைந்து வருடமாகியும் பிள்ளை இல்லை. இங்கே வந்து ஒரு பழைய பட்டாள முகாமில் இருந்தோம். கிழமையில் இரண்டு தரம் சாப்பாட்டுப் பெட்டி தருவார்கள். தகரத்தில் அடைத்த இறைச்சி, பாண், ஒரு அப்பிள். அந்த வருடம் கந்தசஷ்டிக்கு நாங்களும் இன்னும் நாலு பேரும் விரதம். பெட்டி எடுக்க ஒருத்தரும் போகவில்லை.

நாலாம் நாள் முகாம் பொறுப்பாளர் வந்தார். பின்னால் ஒரு பொலிஸ்காரர், ஒரு டொக்டர், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொடியன். நாங்கள் உண்ணாவிரதப் போராட்டம் தொடங்கிவிட்டோம் என்று ஆருக்கோ அறிக்கை போயிருக்கிறது. டொக்டர் தராசையும் கொண்டு வந்திருந்தார்.

பொறுப்பாளர் ஒரு கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்கள் கோரிக்கை என்ன?"

பொடியன் அதைத் தமிழில் சொன்னான். இவர் எழும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "பிள்ளை வேணும்" என்றார்.

பொடியன் எங்களைப் பார்த்தான். பொறுப்பாளரைப் பார்த்தான். மொழிபெயர்த்தான். பொறுப்பாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. பொலிஸ்காரர்தான் முதலில் சிரித்தார்.

அடுத்த வருடம் அபி பிறந்தாள். இவருக்கு இனி வேறு சாட்சி வேண்டுமா?

நான் செய்த வேலை

அபி கலியாணம் முடித்து ஐந்து வருடமாயிற்று. இவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கோயிலில் மற்றவர்கள் கேட்டார்கள். "இன்னும் ஒண்டும் இல்லையோ அண்ணை?" இவர் சிரித்துக்கொண்டு செருப்பைத் தேடுவார்.

அந்தக் கோடையில் அபி தனியாக வீட்டுக்கு வந்தாள். குசினியில் என்னோடு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, எங்களுக்குப் பிள்ளை வேணாம்."

"ஏன், ஏதும் பிரச்சினையோ? டொக்டரிட்டப் போனனீங்களோ?"

"ஏலாது எண்டில்லை அம்மா. வேணாம். ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்தது. அப்பாக்கு நீங்களே சொல்லுங்கோ. எனக்கு அவரிட்டத் தமிழில அதைச் சொல்ல வராது."

"ஓம், நான் சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை. இதுதான் நான் செய்த வேலை. கோயில் திருவிழா முடியட்டும் என்று இருந்தேன். அதற்குள் கந்தசஷ்டி வந்தது. அபி பிறந்தபிறகு இரவில் பாலும் பழமும் எடுத்து வந்தவர், அந்த வருடம் திரும்பவும் மிளகு விரதம் என்றார். "அபிக்காக" என்றார். சரி, இந்த முறை முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளினேன். அடுத்த வருடமும் மிளகு. ஏழாம் நாள் பாறணைக்கு நான் ஏழு கறி வைத்தேன். பாயாசமும் வைத்தேன். என்ன துணிச்சல்!

டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு வந்தபோது அபி கேட்டாள். "அப்பாக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

இரண்டாவது மட்டும் உண்மை. அபியின் கண் கலங்கிவிட்டது. "அப்பா எவ்வளவு நல்லவர்" என்றாள். பெரியறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவரைப் போய்க் கட்டிப்பிடித்தாள். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. மகள் கட்டிப்பிடித்ததில் முகமெல்லாம் பல்.

மூன்றாவது வருடம் வசந்த காலத்தில் இவருக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். புரட்டாசியில் குளிசையை மாற்றி எழுதினார்கள். டொக்டரைப் பார்க்கிற அந்த டெர்மினுக்கு நானும் போயிருந்தேன். "சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். ஏதாவது கேள்வி உண்டா?" என்று டொக்டர் கேட்டார். கந்தசஷ்டிக்கு மூன்று கிழமை இருந்தது. முருகனையும் மிளகையும் ஜேர்மன் மொழியில் விளங்கப்படுத்துவது பெரிய கரைச்சல் என்று நான் பேசாமல் இருந்தேன். இவர் "நைன், அலெஸ் கூட்" என்றார். இல்லை, எல்லாம் நல்லது. எங்கள் சனத்துக்கு இந்த நாட்டில் நன்றாக வந்த வசனம் அது ஒன்றுதான்.

விரதம் தொடங்குவதற்கு முந்தின நாள் இவர் என்னைக் கேட்டார். "இஞ்சரும், குளிசை போடலாமோ? விரதம் முறியுமோ?"

நான் பெரிய பண்டிதர் மாதிரிச் சொன்னேன். "மருந்து சாப்பாடில்லைத்தானே. மருந்தால விரதம் முறியாது. குளிசையை விட்டால் டொக்டர் ஏசுவார்."

இவருக்குச் சாமிக்கும் பயம், டொக்டருக்கும் பயம். இரண்டு பேர் சொல்லையும் ஒரே மிடறு தண்ணீரில் விழுங்கினார். வழியைக் காட்டினது நான்.

பிளாட்போமில்

மூன்றாம் நாள் பதினொரு மணியிருக்கும். கடையில் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். இவருடைய போனிலிருந்து அழைப்பு. எடுத்தால் ஒரு பெண்பிள்ளையின் குரல், இந்தியத் தமிழ்.

"ஆன்ட்டி, நீங்க அங்கிளோட வைஃபா? ஸ்டேஷன்ல பெஞ்ச்ல இருக்கார். பயங்கரமா ஸ்வெட் ஆகுது. பேச்சு குழறுது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டேன், பயப்படாதீங்க."

பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த பிள்ளை. பிறகு ஆஸ்பத்திரி வாசலில் அவளே எனக்கு எல்லாம் சொன்னாள்.

இவருக்கு வேலையில் கை நடுங்கியிருக்கிறது. பெட்டியொன்று வழுக்கி விழ, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். பிளாட்போமில் வந்து இருந்தவர் எழும்பப் பார்த்துத் தள்ளாடி, பக்கத்திலிருந்த பெண்மணியின் தோளில் விழுந்திருக்கிறார். அவ எழும்பி அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டா. இரண்டு இளைஞர்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒரு காவலாளி வந்து, "குடித்துவிட்டு இங்கே இருக்க முடியாது, வெளியே போ" என்றிருக்கிறார். மூன்று ரயில் வந்து போனது. ஏறின சனம், இறங்கின சனம், எல்லாருக்கும் கண் இருந்தது.

நெற்றி முழுக்க விபூதி பூசிக்கொண்டு, மூன்று நாள் பச்சைத் தண்ணியில் இருந்த மனுசனுக்கு அங்கே கிடைத்த பெயர் குடிகாரன். நல்லாயிருக்கட்டும் எல்லாரும்.

அந்த விபூதியைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளை கிட்டப் போயிருக்கிறாள். தன் பையிலிருந்த பழச்சாற்றை எடுத்து வாயில் வைத்திருக்கிறாள். இவர் பல்லை இறுக்கிக்கொண்டாராம்.

"விரதம், விரதம்னே சொன்னார் ஆன்ட்டி. எனக்கு வந்த கோவத்துக்கு அறைஞ்சிருப்பேன். சாரி."

"அறைஞ்சிருக்கலாம் பிள்ளை" என்றேன். மனதாரச் சொன்னேன்.

ஐந்தரை மணிச் சாப்பாடு

ஊசி வழியாகச் சீனி ஏற்றினதும் இவருக்குக் கண் தெளிந்துவிட்டது. பின்னேரம் ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்து எனக்கு விளங்கப்படுத்தினா. சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று இந்தக் குளிசை பார்க்காதாம். கணையத்தைப் பிழிந்து இன்சுலினை இறக்கிக்கொண்டே இருக்குமாம். முதல் இரண்டு நாளும் சேமிப்பில் இருந்த சீனியை வைத்து உடம்பு சமாளித்திருக்கிறது. மூன்றாம் நாள் எடுக்க ஒன்றும் இல்லை.

"குளிசை இன்னும் உடம்பில் நிற்கிறது. சீனி திரும்பவும் விழலாம். ஊசியை மட்டும் நம்ப முடியாது, அவர் சாப்பிட வேண்டும். ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார்? அடுத்த முறை பிளாட்போமில் எழும்பாமலே போயிருப்பார். இதை அவருக்குச் சொல்லுங்கள்."

சொன்னேன். இவர் கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசியைக் காட்டினார். "இது வாயால போகேல்லைத்தானே. இதால விரதம் முறியாது."

நான் சொல்லிக் கொடுத்த பாடம். அதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு வந்துவிட்டது. இரண்டு துண்டு பாண், சீஸ், ஊறப்போட்ட வெள்ளரிக்காய், ஒரு சின்னக் கிண்ணத்தில் புடிங். நான் கெஞ்சினேன். முருகன் கோவிக்க மாட்டார் என்றேன். அழுதேன், ஏசினேன்.

"இன்னும் மூண்டு நாள்தானேயப்பா" என்றார். "பிள்ளைக்காக இருக்கிறன். நடுவில விட்டால் அவளுக்குத்தான் குற்றம்."

அந்த நேரம் தாதி வந்து விரலில் குத்தி இரத்தம் பார்த்தா. இலக்கத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "திரும்பவும் இறங்குது" என்று சொல்லி, டொக்டரைக் கூப்பிட வேகமாக வெளியே போனா.

எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"இஞ்சருங்கோ. அபிக்குப் பிள்ளை வேணாமாம்."

"ஆர் சொன்னது?"

"அவளே சொன்னவள். ரெண்டு பேரும் எடுத்த முடிவாம். உங்களுக்குச் சொல்லச் சொல்லி என்னட்டத்தான் விட்டவள்."

"எப்ப?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல."

அவர் விரலை மடித்து எண்ணினார்.

"அப்ப, போன வருஷம் எனக்குப் பாறணைக்கு ஏழு கறி வைச்சனீர்."

"ஓம்."

"அதுக்கு முந்தின வருஷமும்."

"ஓம்."

ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவர் தட்டைக் கிட்ட இழுத்தார். பாணைப் பிய்த்து வாயில் வைத்தார். இரண்டு துண்டும் சாப்பிட்டார். சீஸ், வெள்ளரிக்காய், கடைசியாகப் புடிங். ஒன்றும் மிச்சம் விடவில்லை. அந்த மனுசன் சாப்பிட வேண்டும் என்று அவ்வளவு கெஞ்சின எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை.

டொக்டர் வந்து காலித் தட்டைப் பார்த்து, "மிக நல்லது" என்று சொல்லி என் தோளில் தட்டினா.

அவ போனபிறகு இவர் மெல்லக் கேட்டார். "எனக்குத் தெரியும் எண்டோ அபி நினைச்சுக்கொண்டிருக்கிறாள்?"

"ஓம். நான் சொல்லீட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப அப்பிடியே இருக்கட்டும். அவளுக்காகத்தான் இருந்தனான் எண்டு அவளுக்குத் தெரியக் கூடாது. தாங்கமாட்டாள்."

நான் போனில் சொன்னதும் கொலோனிலிருந்து ரயில் பிடித்து ஓடி வந்த அபி, அரை மணித்தியாலம் கழித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தகப்பனைக் கட்டிப்பிடித்தாள், அழுதாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"என்னத்துக்கு அப்பா பட்டினி கிடந்தனீங்கள்? குளிசையும் போட்டுக்கொண்டு!"

இவர் என்னைப் பார்க்கவில்லை. "சும்மாதான் பிள்ளை. உடம்புக்கு நல்லதெண்டு சொல்லுறாங்கள்."

"உடம்புக்கு நல்லதோ? இந்த வயசில ஹைல்பாஸ்டனோ? உங்களுக்கு மூளை இருக்கோ அப்பா? எங்களைப் பற்றி ஒருக்கா யோசிச்சனீங்களோ? எவ்வளவு சுயநலம்!"

ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் பிள்ளை, பிழைதான் பிள்ளை" என்று அவ்வளவு ஏச்சையும் வாங்கினார்.

வாங்க வேண்டியவள், காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.